கடும் பித்தப்பை அழற்சி: அறுவைக்கு உரிய காலம்

கல் ஒன்று பித்தப்பைக் குழாயை அடைப்பதாலேயே பெரும்பாலும் இந்த அழற்சி உண்டாகிறது. மருந்தால் தணித்து, ஆறு வாரம் கழித்துப் பித்தப்பையை அகற்றுவது பழைய வழக்கம். அந்த இடைவெளியிலேயே பலருக்கு வலி திரும்பியது. தொடக்க நாள்களில் வீங்கிய திசுக்கள் எளிதில் பிரியும். பிறகு தழும்பேறி ஒட்டிக்கொள்ளும். 2013இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்துகொண்டவர்களில் 11.8 விழுக்காட்டினருக்கும், காத்திருந்தவர்களில் 34.4 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. எனவே, உடல்நிலை இடங்கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் நுண்துளை அறுவை சிறந்தது; தவறினால் பத்து நாள் வரையிலும் செய்யலாம். அறுவையைத் தாங்காதவர்களுக்குக் குழாய் செருகிப் பித்தப்பையை வடிப்பர்.

நெல்லிக்குப்பம் வட்டாரத்தாருக்குச் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் எட்டும் தொலைவில் உள்ளன. ஆனால் 72 மணி நேரக் கணக்கு, வலி தொடங்கிய நேரத்திலிருந்தே ஓடுகிறது. வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் கழித்த நாள்களும் அதில் சேரும்.