பிஎம்ஐ நார்மல்தான், ஆனாலும் சுகர் வருவது ஏன்?

2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2 சதவீதம்.

ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் 'பிஎம்ஐ நார்மல்' என்று பார்த்ததும் ரிப்போர்ட்டை மூடிவிடுபவரா நீங்கள்? அப்போ இந்தப் படம் உங்களுக்குத்தான்.

கொழுப்பு சும்மா இருப்பதில்லை

ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவதும், கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரை தயாரிக்காமல் தடுப்பதும் இன்சுலினின் வேலை. கொழுப்புத் திசுவுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. அது வெறும் குடோன் இல்லை, ஹார்மோன் சுரக்கும் உறுப்பு. அது சுரக்கும் அடிபோநெக்டின் இன்சுலினுக்குக் கைகொடுக்கிறது.

கொழுப்பு செல்கள் அளவுக்கு மீறி வீங்கினால் அடிபோநெக்டின் குறையும், அழற்சியைத் தூண்டும் ரசாயனங்கள் கூடும். இடம் போதாமல் வெளியேறும் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்ப் படியும். அங்கே இன்சுலின் சொல் எடுபடாது. ஈடுகட்ட கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கும். இப்படிப் பல வருஷம் சுகர் டெஸ்ட் நார்மலாகவே காட்டலாம். கணையம் களைத்த பிறகுதான் எண் ஏறும்.

கொழுப்பே இல்லாவிட்டால் நல்லதா? இல்லை. லிப்போடிஸ்ட்ரோபி என்ற அரிய நோயில் கொழுப்புத் திசு மிகக் குறைவாக இருக்கும். ஆள் ஒல்லி, ஆனால் இன்சுலின் எதிர்ப்பு கடுமையாக இருக்கும். சேமிக்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலில் குவிவதுதான் காரணம்.

எவ்வளவு இருக்கிறது என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அதே 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உடல் பருமன் உள்ள 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கடியிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பு லைப்போசக்‌ஷனில் எடுக்கப்பட்டது. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் முன்னேற்றமே இல்லை. குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் இருந்த கொழுப்பை அந்தக் குழாய் தொடவில்லையே!

இந்தியாவின் எண்கள்

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலை. செய்திகளில் அதிகம் அடிபட்டது இதுதான். நான் கவனித்தது வேறு இரண்டு எண்கள்: பிஎம்ஐ கணக்கில் உடல் பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். எடை மெஷினை மட்டும் நம்பினால் எத்தனை பேர் தப்பிவிடுகிறார்கள் பாருங்கள்.

ஒரு டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளந்து பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது! இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி இரண்டையும் பார்த்துவிடுங்கள்.