குளிரில் வைத்த பாக்டீரியா உயிரோடு இருக்கா? பிசிஜி தடுப்பூசியின் கதை

1/ ஒரு பாக்டீரியா உயிரோட இருக்கா, செத்துடுச்சான்னு மைக்ராஸ்கோப்ல பார்த்தே சொல்லிடலாம்னு நினைக்கிறீங்களா? காசநோய்க் குடும்பத்துக் கிருமிகளில் அது முடியாது. நம்ம தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவை நம்பலாமா வேண்டாமா என்பதே இந்தக் கேள்வியில்தான் நின்னுச்சு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ பிறந்த குழந்தைக்கு இடது தோளில் போடுற பிசிஜியில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. பிரான்ஸில் கால்மெட், கெரான் என்ற இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908இலிருந்து 13 வருஷம், சுமார் 230 முறை புது ஊடகத்துக்கு மாத்தி மாத்தி வளர்த்து அதன் வீரியத்தைக் குறைச்சாங்க. 1921இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தாங்க. இந்தக் கிருமி உடம்புக்குள்ள போய்க் கொஞ்ச காலம் வாழ்ந்தாத்தான் தடுப்பூசி சரியா வேலை செய்யும்.

3/ 1948இல் சென்னை கிண்டியில் பிசிஜி தயாரிக்கும் ஆய்வுக்கூடம் வந்தது. அப்போ அது திரவ மருந்து. குளிரில் வைச்சாலும் ஏறத்தாழ 2 வாரத்துக்குள்ள போட்டு முடிக்கணும். நம்ம ஊர் வெயிலில் கிராமம் கிராமமா கொண்டுபோறதை யோசிச்சுப் பாருங்க!

4/ இதுக்குத் தீர்வா வந்ததுதான் உறைய வைச்சு, வெற்றிடத்தில் ஈரத்தை இழுத்துப் பொடியாக்குற முறை. பொடி நீண்ட நாள் தாங்கும். ஆனா உலர்த்தும்போதே ஒரு பங்கு கிருமி செத்துடும். சேமிப்பில் இன்னும் கொஞ்சம் சாகும். அப்போ மிச்சம் எத்தனை?

5/ சிக்கலே இங்கதான். சாயம் ஏத்திப் பார்த்தா செத்ததும் சிவப்புக் குச்சி, உயிருள்ளதும் அதே சிவப்புக் குச்சி. எடையிலும் கலங்கலிலும் வித்தியாசம் தெரியாது. விதைநெல்லை முளைக்க வைச்சுப் பார்க்கிற மாதிரி, முட்டை கலந்த ஊடகத்தில் தடவி, 37 டிகிரியில் 4 வாரம் வைச்சு, முளைச்ச கூட்டங்களை எண்ணணும். இன்றைய மருந்தில் 0.1 மில்லிக்கு 2 லட்சத்திலிருந்து 8 லட்சம் வரை இருக்கணும்.

6/ இப்போ செங்கல்பட்டுக்கு வருவோம். 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவங்களை வைச்சு உலகின் மிகப்பெரிய பிசிஜி ஆய்வு தொடங்கியது. சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் போலி ஊசி. ஏழரை வருஷக் கண்காணிப்புக்குப் பிறகு வந்த முடிவு: பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவே இல்லை.

7/ "மருந்து வெயிலில் செத்திருக்கும்பா" என்பதுதான் யாருக்கும் முதலில் வர்ற சந்தேகம். ஆனா உயிருள்ள கிருமிகளை எண்ணிப் பார்த்திருந்தாங்க, சரியா இருந்தது. ஊசி போட்டு இரண்டரை மாசம் கழிச்சு செஞ்ச தோல் பரிசோதனையிலும் நல்ல எதிர்வினை. அதனால அந்தச் சாக்கு நிக்கல. வேற காரணம் தேட வேண்டியதாச்சு. மண்ணிலும் தண்ணியிலும் இருக்கிற இதே குடும்பத்துக் கிருமிகள் நம்ம உடம்புக்கு முன்னாடியே பழகியிருக்கலாம் என்பது அதில் முக்கியமானது. எண்ணாம விட்டிருந்தா, "செத்த மருந்து"ன்னு சொல்லிக் கோப்பை மூடியிருப்பாங்க.

8/ அப்போ பிசிஜி வீணா? இல்லவே இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு வர்ற மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய், உடம்பு முழுக்கப் பரவுற காசநோய் இரண்டிலிருந்தும் நல்ல பாதுகாப்பு தருது. அதனாலதான் பிறந்ததும் போடுறோம்.

9/ வீரபாண்டி பக்கம் பனியன் கம்பெனி ஷிப்டை விட்டுட்டு, அன்னிக்குக் கூலி போனாலும் பரவாயில்லைன்னு குழந்தையைத் தூக்கிட்டு வர்றவங்க கேட்பாங்க: "பாட்டில்ல பாதி இருக்கே, ஏன் கொட்டுறீங்க?" கரைச்ச பிசிஜி 4 மணி நேரம்தான். அதில் கெடாம காக்கும் ரசாயனம் கிடையாது, சேர்த்தா பாக்டீரியாவே செத்துடும். வெளிச்சமும் சூடும் அதுக்கு ஆகாது. 5ஆவது மணி நேரத்திலும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். எத்தனை உயிரோட இருக்குன்னு தெரிய 4 வாரம் ஆகும். அதுவரை குழந்தையைக் காக்க வைக்க முடியாதே!

10/ கடைசியா ஒண்ணு. தழும்பு வரலைன்னா ஊசி வேலை செய்யலைன்னு அர்த்தம் இல்லை. மறுபடி போட வேண்டியதும் இல்லை. தடுப்பூசி அட்டையில் பதிவு இருக்கான்னு மட்டும் பாருங்க. இல்லைன்னா உங்க பகுதி செவிலியர் அக்காகிட்ட இன்னைக்கே கேளுங்க.