கியூபாவில் முடிந்த ஓர் இரவு விருந்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கொழும்பில் இளம் செய்தியாளனாக இருந்த நாட்களில், நண்பர் ஒருவரின் அறையில் தேய்ந்துபோன வீடியோ நாடாவொன்றில் 'தி அவுட் ஒஃப் டவுனர்ஸ்' என்ற ஹொலிவூட் படத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தேன். அண்மையில் அதே படத்தை என் மனைவியுடன் மீண்டும் பார்க்க நேர்ந்தது. படம் முடிந்ததும் அவர் சொன்னது ஒரேயொரு வசனம்தான். "அவளுக்கு அந்த ஊருக்குப் போக விருப்பமா என்று அந்த மனுசன் ஒருக்கால்கூடக் கேக்கேல்லையே." முதல் தடவை பார்த்தபோது அது எனக்குத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1970இல் வெளிவந்த இப்படத்தை எழுதியவர் நீல் சைமன். தமது 'பிளாசா சூட்' நாடகத்தின் ஓர் அங்கமாக முதலில் எண்ணியிருந்த கதையைத் தனித் திரைக்கதையாக வளர்த்தெடுத்தார். இயக்கியவர் ஆர்தர் ஹில்லர். அதே ஆண்டின் இறுதியில் 'லவ் ஸ்டோரி' மூலம் உலகையே அழவைத்தவரும் அவர்தான். ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் ஜோர்ஜ் கெல்லர்மனாக ஜக் லெமனும், மனைவி குவெனாக சாண்டி டெனிசும் நடித்தார்கள்.

கதை எளிமையானது. நிறுவனத்தில் பெரும் பதவி உயர்வொன்றுக்கான நேர்முகத் தேர்வு, மறுநாள் காலை நியூயோர்க்கில். முதல்நாள் மாலை மனைவியுடன் புகழ்பெற்ற 'ஃபோர் சீசன்ஸ்' உணவகத்தில் விருந்து, வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் தங்கல். அந்த விருந்துக்காகவே விமானத்தில் கொடுத்த சாப்பாட்டை ஜோர்ஜ் வேண்டாமென்கிறான். விமானமோ இறங்க வழியின்றி நெடுநேரம் வானில் வட்டமிட்டு, பொஸ்டனுக்குத் திருப்பிவிடப்படுகிறது. பயணப் பைகள் தொலைகின்றன. நெரிசலான ரயிலில் நியூயோர்க் வந்து சேரும்போது நள்ளிரவு கடந்துவிட்டது. நகரில் போக்குவரத்து வேலைநிறுத்தம், குப்பை அள்ளுவோரின் வேலைநிறுத்தம், போதாக்குறைக்கு மழை. ஹோட்டலில் அவர்களது அறை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. உதவ வந்தவன் கொள்ளையடிக்கிறான். இரவைக் கழிக்கக் கிடைத்த இடம் சென்ட்ரல் பார்க்.

ஜோர்ஜிடம் ஒரு பழக்கம். தனக்குத் தீங்கிழைத்த ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறான், எல்லோர் மீதும் வழக்குத் தொடரப் போகிறானாம்! வரி செலுத்துகிற, முன்பதிவு செய்கிற, வரிசையில் நிற்கிற மனிதனுக்கு உலகம் சொன்னபடி நடக்கக் கடமைப்பட்டிருக்கிறது என்ற நடுத்தர வர்க்கத்தின் நம்பிக்கை அந்தப் பெயர்ப் பட்டியலில் இருக்கிறது. ஊரடங்குச் சட்டத்துக்கும் சோதனைச் சாவடிகளுக்கும் இடையில் வாழப் பழகிய நம்மவர்களுக்கு அந்த நம்பிக்கையே சற்று வேடிக்கையானதுதான். நாம் யாருடைய பெயரைக் குறித்துவைத்தோம்?

சைமன் காட்டிய அவலங்கள் மிகைப்படுத்தப்பட்டவையே தவிர, கற்பனையானவை அல்ல. ஜோன் லிண்ட்சே மேயராகப் பதவியேற்ற 1966 ஜனவரி 1ஆம் திகதியே நியூயோர்க்கின் போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஆரம்பமாயிற்று. நகரம் 12 நாட்கள் முடங்கியது. தொழிற்சங்கத் தலைவர் மைக் குவில், நீதிமன்ற உத்தரவைக் கிழித்தெறிந்து சிறை சென்றார். அங்கே நோயுற்று வீழ்ந்தவர், வெற்றிகரமான உடன்பாட்டின் பின் அம்மாத இறுதியிலேயே காலமானார். அடுத்த ஆண்டு, அரச ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் டெய்லர் சட்டம் வந்தது. ஆயினும் 1968 பெப்ரவரியில் துப்புரவுத் தொழிலாளர்கள் 9 நாட்கள் வேலையை நிறுத்தினார்கள். தெருக்களில் ஏறக்குறைய ஒரு இலட்சம் தொன் குப்பை குவிந்தது.

படத்தில் அந்தக் குப்பை மூட்டைகளைக் காண்கிறோம். அவற்றைச் சுமக்க மறுத்தவர்களைக் காண்பதில்லை. நியூயோர்க் வேலைநிறுத்தம் முடிந்து இரண்டே நாட்களில், 1968 பெப்ரவரி 12இல், மெம்பிஸ் நகரின் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குப்பை வண்டியின் இயந்திரத்தில் நசுங்கி இருவர் மாண்டதே அதற்கு உடனடிக் காரணம். அவர்களுக்கு ஆதரவாகச் சென்ற மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆம் திகதி அங்கு சுட்டுக்கொல்லப்பட்டார். நகைச்சுவைப் படத்திடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பீர்கள். இருக்கலாம். ஆனால் ஜோர்ஜின் குறிப்பேட்டில் குப்பை அள்ளுவோரும் எதிரிகளாகவே இருக்க முடியும் என்பது எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நியூயோர்க் தெருக்களில் படமெடுக்க முன்னர் பற்பல திணைக்களங்களின் படிகளில் ஏறியிறங்க வேண்டும். அதை எளிதாக்கி, 1966இல் தனி அலுவலகம் அமைத்துத் திரைப்படக்காரர்களை வரவேற்றவர் இதே லிண்ட்சேதான். வந்தவர்கள் எடுத்தவை 'மிட்நைட் கவ்போய்' (1969), இந்தப் படம், 'தி ஃபிரெஞ்ச் கனெக்ஷன்' (1971), 'டாக்சி டிரைவர்' (1976)! விருந்துக்கு அழைத்தவரின் வீட்டு அழுக்கையே விருந்தாளிகள் உலகுக்குக் காட்டினார்கள். 1970க்கும் 1980க்கும் இடையில் நியூயோர்க்கின் சனத்தொகை எட்டு இலட்சத்துக்கும் மேல் குறைந்தது. 1975இல் நகரம் வங்குரோத்தின் விளிம்புக்கே சென்றது.

1999இல் ஸ்டீவ் மார்ட்டினும் கோல்டி ஹோனும் நடிக்க இப்படம் மீண்டும் எடுக்கப்பட்டது. அன்றைய மேயர் ருடி ஜூலியானியே அதில் தலைகாட்டினார். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2010இல் வந்த 'டேட் நைட்' கவனத்துக்குரியது. ஸ்டீவ் கரெலும் டீனா ஃபேயும் நியூ ஜேர்சித் தம்பதியராக வருகிறார்கள். வராத வேறொரு சோடியின் பெயரைச் சொல்லி உணவக மேசையொன்றைப் பிடிக்கப்போய், ஊழல் பொலிசாரிடமும் குண்டர் தலைவனிடமும் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே நகரம் பழுதடையவில்லை. 1990இல் 2,200ஐத் தாண்டியிருந்த நியூயோர்க்கின் ஆண்டுக் கொலைகள் 2009இல் 500க்குக் கீழே வந்துவிட்டன. பழுதடைந்திருப்பது சலிப்பேறிய தாம்பத்தியம். அதனால் கணவனும் மனைவியும் ஓடிக்கொண்டே தங்கள் மனக்குறைகளைப் பேசித் தீர்க்கிறார்கள்.

குவெனுக்கு அந்த வாய்ப்பில்லை. குதி உடைந்த சப்பாத்துடன் இரவு முழுவதும் கணவனின் பின்னால் நடக்கிறாள். மறுநாள், உடைந்த பல்லும் அழுக்கேறிய உடையுமாகச் சென்ற ஜோர்ஜுக்கு வேலை கிடைத்துவிடுகிறது. அப்போதுதான், இதை வேண்டாமென்று அவன் சொல்லியிருக்கக்கூடாதா என்ற தன் ஏக்கத்தை அவள் வாய்திறந்து சொல்கிறாள். அவன் அப்படியே சொல்லிவிட்டு வந்திருக்கிறான். கேட்காமலே இருவரும் ஒரே முடிவுக்கு வந்திருந்ததாக முன்பு நான் இதை ரசித்தேன். கேட்டிருந்தால் அந்த இரவே தேவைப்பட்டிராது என்பது என் மனைவியின் வாதம்.

ஊருக்குத் திரும்பும் விமானத்தில் சைமன் இறுதி அடியைக் கொடுக்கிறார். ஆயுததாரிகள் விமானத்தைக் கியூபாவுக்குத் திருப்புகிறார்கள். 1969இல் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் அவ்வாறு கடத்தப்பட்டன. விமானப் பயணிகள் அனைவரையும் சோதனையிடும் நடைமுறை 1973 ஜனவரியில்தான் அங்கு கட்டாயமாயிற்று. அன்றைய பார்வையாளர்களுக்கு அந்தக் காட்சி, பத்திரிகையில் படித்த செய்தியின் தொடர்ச்சி.