சமநிலை உணர்வின் மூளைப் பாதைகள்

பம்பலப்பிட்டியில் காலி வீதி பஸ்ஸில் நின்று செல்பவர், சாரதி சட்டென்று பிரேக் போட்டாலும் விழாதிருப்பதற்குக் கண் மட்டும் போதாது. உட்செவியின் 3 அரைவட்டக் கால்வாய்கள் தலையின் சுழற்சியையும், 2 செவிக்கல் உறுப்புகள் நேர்கோட்டு அசைவையும் ஈர்ப்பையும் உணர்ந்து, 8ஆம் மண்டை நரம்பு வழியே மூளைத்தண்டுக்கு அறிவிக்கின்றன. அங்கிருந்து ஒரு பாதை முள்ளந்தண்டில் இறங்கிக் கால், முதுகுத் தசைகளை இறுக்குகிறது. மற்றொன்று தலை திரும்பிய ஏறத்தாழ 10 மில்லி வினாடியில் கண்களை எதிர்த்திசைக்குத் திருப்பிப் பார்வையை நிலைநிறுத்துகிறது. பார்வை வழியான திருத்தத்துக்கு இதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வே போதாதா எனலாம். உறுதியான தரையில் அது ஓரளவு உண்மை. ஆனால் இரு செவிகளிலும் சமநிலைப் புலனை இழந்தவர் இருட்டிலும் கடற்கரை மணலிலும் தள்ளாடுகிறார். உட்செவி, கண், பாதம், மூட்டுகள் தரும் செய்திகளை ஒப்பிட்டுப் பிழை திருத்துவது சிறுமூளை. ஒரு செவி பழுதானவரும் பயிற்சியால் பெரிதும் தேறுவதற்கு அது ஒரு முக்கிய காரணம்.