கத்தரிக்கோலும் பசையும் எழுதிய வரலாறு

பள்ளியில் படிக்கும்போது உங்களில் எத்தனை பேர் ஸ்கிராப் புக் வைத்திருந்தீர்கள்? நான் வைத்திருந்தேன். பழைய கணக்கு நோட்டு ஒன்றில் கிரிக்கெட் வீரர்களின் படங்களைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்திருந்தேன். ஒரு பொங்கலுக்கு வீட்டில் வெள்ளையடித்தபோது அது பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிவிட்டது! "குப்பைதானே" என்றார்கள் வீட்டில். உண்மையிலேயே குப்பைதானா? அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

இந்தப் பழக்கம் ரொம்பப் பழையது. ஐரோப்பாவில் அச்சுப் புத்தகங்கள் பெருகிய காலத்தில், படித்ததில் பிடித்ததை ஒரு நோட்டில் எழுதி வைப்பது படித்தவர்களின் வழக்கம். அந்த நோட்டில் தேடியதை உடனே கண்டுபிடிப்பது எப்படி என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் ஒரு அகரவரிசை முறையே வகுத்துக் கொடுத்தார். அது 1686-ல் பிரெஞ்சிலும், அவர் இறந்த பிறகு 1706-ல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அப்புறம் 1769-ல் ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற பாதிரியார், இங்கிலாந்துப் பிரமுகர்களின் உருவப்படங்களைப் பட்டியலிட்டு ஒரு வரலாற்று நூல் எழுதினார். வாசகர்கள் சும்மா இருப்பார்களா? அந்தப் படங்களைத் தேடிப் பிடித்துப் புத்தகத்துக்குள்ளேயே சேர்த்துத் தைக்க ஆரம்பித்துவிட்டார்கள்! தேவையான படத்துக்காக வேறு நல்ல புத்தகங்களைக் கிழித்தவர்களும் உண்டு.

19-ஆம் நூற்றாண்டில் செய்தித்தாள் விலை குறைந்து, சாதாரண மக்கள் கைக்கும் வந்தது. எல்லோர் வீட்டிலும் கத்தரிக்கோல் வேலை செய்தது. வெற்று நோட்டு வாங்கக் காசில்லாதவர்கள் பழைய கணக்குப் பேரேடுகளின் மேலும், வேண்டாத அரசாங்க அறிக்கைகளின் மேலும் ஒட்டினார்கள். எழுத்தாளர் மார்க் ட்வெய்னுக்கும் இந்தப் பைத்தியம் இருந்தது. பசை தடவும் தொல்லை தாங்காமல், பக்கங்களில் முன்பே பசை பூசிய ஸ்கிராப் புக்கைக் கண்டுபிடித்து 1873-ல் காப்புரிமையும் வாங்கினார். தண்ணீரைத் தொட்டு ஈரப்படுத்தி ஒட்டினால் போதும், வேலை முடிந்தது!

இதுவரை சொன்னது பொழுதுபோக்கு. இனி சொல்லப்போவது அதைவிடப் பெரிய விஷயம்.

வில்லியம் டார்சி 1837-ல் பிலடெல்பியாவில் பிறந்த ஒரு கறுப்பினத்தவர். அவருடைய அப்பா அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து, அந்த ஊரில் விருந்துச் சமையலில் பெயர் பெற்றவர். கறுப்பின மக்களின் வாழ்க்கையை அந்தக் காலத்து வரலாற்று நூல்கள் கண்டுகொள்ளவில்லை. டார்சி என்ன செய்தார்? செய்தித்தாள்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்த திருமணம், மரணம், வழக்கு, கூட்டம் என எல்லாவற்றையும் வெட்டி ஒட்டினார். கிட்டத்தட்ட 400 ஸ்கிராப் புக்குகள்! அவர் 1923-ல் இறந்தார். கவனிப்பாரின்றிக் கிடந்த அந்தத் தொகுப்பு 1976-ல் பென்சில்வேனியாவின் சேனி கல்லூரியில் வெளிச்சத்துக்கு வந்தது. அதை ஆதாரமாக வைத்து ரோஜர் லேன் என்ற வரலாற்று ஆசிரியர் 1991-ல் ஒரு புத்தகமே எழுதினார். குப்பை என்று யாராவது தராசில் போட்டிருந்தால் ஒரு சமூகத்தின் வரலாறே போயிருக்கும் அல்லவா?

இன்னொருவர் அலெக்சாண்டர் கம்பி. இவர் ஒட்டி வைத்ததோடு நிற்கவில்லை, நாலு பேருக்குக் காட்டவும் ஆசைப்பட்டார். 1920-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு கூடம் அமைத்துத் தன் தொகுப்புகளை வைத்தார். எழுத்தாளர்களும் ஓவியர்களும் அங்கே கூடிப் பேசினார்கள். பிறகு காசநோய் வந்து பல காலம் மருத்துவமனையில் கிடந்தார். ஆனாலும் தொகுப்பை விட்டுவிடவில்லை. 1950-ல் அதைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

இந்த இருவரும் பட்டம் பெற்ற வரலாற்று ஆசிரியர்கள் இல்லை. "இது முக்கியம்" என்று நினைத்ததை வெட்டி ஒட்டினார்கள், அவ்வளவுதான். டார்சியின் நோட்டு தப்பியது அதிர்ஷ்டம். கம்பியின் நோட்டு தப்பியதற்குக் காரணம், அவர் அதை மற்றவர்களுக்குக் காட்டியது, பத்திரமான இடத்தில் ஒப்படைத்தது. என் கிரிக்கெட் நோட்டை நான் யாருக்கும் காட்டியதே இல்லை. அதனால்தான் அதன் அருமை வீட்டில் யாருக்கும் தெரியவில்லை!

நீங்களும் தொடங்கலாமே? சில யோசனைகள்:

1. ஒவ்வொரு நறுக்கின் பக்கத்திலும் பத்திரிகையின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். தேதி இல்லாத நறுக்கு பாதி ஊமை.
2. செய்தித்தாள் சீக்கிரம் பழுப்பேறி நொறுங்கும். முக்கியமானதை நல்ல தாளில் நகலெடுத்தும் வையுங்கள்.
3. உங்கள் தெரு, உங்கள் பள்ளி, உங்கள் ஊர்த் திருவிழா நோட்டீஸ் இவற்றை விட்டுவிடாதீர்கள். பெரிய செய்திகளைச் சேர்த்து வைக்க நிறைய பேர் இருக்கிறார்கள்.
4. வீட்டுக்கு வருபவர்களிடம் எடுத்துக் காட்டுங்கள். ஒரு பாட்டி பார்த்தால் உங்களுக்குத் தெரியாத நாலு கதை கூடவே கிடைக்கும்.

நான் புதிதாக ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். இந்த முறை அட்டையிலேயே பெரிதாக எழுதியிருக்கிறேன்: "எடைக்குப் போடாதீர்கள்!"