‘நைஸ்’: ஜான்சன் ஏற்றிய ஒரு பொருள்

‘நைஸ்’ என்னும் ஆங்கிலப் பெயரடைக்கு ‘அறியாத’ எனப் பொருள்படும் ‘நெஸ்கியுஸ்’ என்ற லத்தீன் சொல்லே மூலம் என்பதும், பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ‘மூடத்தனமான’ என்ற பொருளோடு அது ஆங்கிலத்தில் புகுந்தது என்பதும் இன்று பொதுவாக ஏற்கப்பட்டவை. சாசரிடம் அப்பொருள் தெளிவாகவே உண்டு. சிக்கல் பின்னால் வருகிறது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நாணம், நுணுக்கம், அற்பம், சொகுசு எனப் பல பொருள்கள் ஒருங்கே புழங்கின. அக்கால ஆட்சிகள் பலவற்றில் எப்பொருள் கருதப்பட்டது எனச் சொல்வது கடினம் என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே கைவிரிக்கிறது.

சாமுவேல் ஜான்சன் கைவிரிக்கவில்லை. 1755இல் வெளிவந்த தம் அகராதியில் ‘அதிர்ஷ்டம் வாய்த்த’ என்றொரு பொருளையும் இச்சொல்லுக்குத் தந்து, அது வழக்கிறந்தது என்று குறித்தார். அதற்கு அவர் காட்டும் சான்று ஷேக்ஸ்பியரின் ‘ஆண்டனியும் கிளியோபாட்ராவும்’ நாடகத்தில் ஒரே ஓர் இடம் (அங்கம் 3, காட்சி 13). ஆக்டியம் போரில் தோற்றுவிட்ட ஆண்டனி, சீசரின் தூதனுக்குச் சவுக்கடி கொடுத்தபின் வீறாப்பாகப் பேசும் கட்டம் அது. தன் காலம் ‘நைஸாகவும் அதிர்ஷ்டமாகவும்’ இருந்தபோது ஒரு வேடிக்கைப் பேச்சுக்கே கைதிகளின் உயிரை விட்டுக்கொடுத்ததாகவும், இனிமேல் ஈவிரக்கம் கிடையாது என்றும் சொல்கிறான்.

பக்கத்துச் சொல்லின் பொருளை ஜான்சன் இதன்மேல் ஏற்றிவிட்டார் என்பதே என் வாதம். ஒருபொருட் சொற்களை அடுக்குவது ஷேக்ஸ்பியருக்குப் பழக்கந்தானே எனலாம். ஆனால் இங்கே ஆண்டனி எதிரெதிர் நிறுத்துவது நல்லூழையும் தீயூழையும் அல்ல, அன்றைய இளக்கத்தையும் இன்றைய கடுமையையும். வேடிக்கை என்னவென்றால், மென்மையைக் குறிக்கும் சாக்சன் சொல்லொன்றிலிருந்து ‘நைஸ்’ பிறந்தது என்று எழுதியவரும் ஜான்சன்தான். சொற்பிறப்பு பிழை. ஆனாலும் அதை அவரே இந்த வரியில் பொருத்திப் பார்த்திருந்தால் சரியான உரை கிடைத்திருக்கும். ‘நான்காம் ஹென்றி’ இரண்டாம் பாகத்தில், மகன் இறந்த சேதி கேட்ட நார்தம்பர்லாந்து தன் ஊன்றுகோலை வீசியெறியும்போது அதை ‘நைஸ்’ என்றே இகழ்கிறான். அங்கும் வீரத்துக்கு ஆகாத மென்மையே பொருள்.

இதற்குத் தடை ஒன்று உண்டு. ‘ரோமியோ ஜூலியட்’டில் துறவி லாரன்ஸ், போய்ச் சேராத தன் கடிதம் ‘நைஸ்’ ஆனது அல்ல என்கிறார். தொடர்ந்து வரும் சொற்களில் பாடபேதம் இருக்கிறது: 1599ஆம் ஆண்டுப் பதிப்பு பொறுப்பு மிகுந்தது என்கிறது, 1597ஆம் ஆண்டுப் பதிப்போ மிகுந்த எடையுள்ளது என்கிறது. பழைய பாடம் குறைபட்டது என்று ஒதுக்கப்படுவதுண்டு. ஆனால் ‘நைஸ்’ என்றால் எடையற்றது, அற்பமானது என்று அன்றைய காது கேட்டதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. (மாவை ‘நைஸாக’ அரைக்கும் நம் சமையலறை வழக்கில் இருப்பது நுண்மைப் பொருள், அது வேறு கிளை.) அப்படியானால் ஆண்டனி சொல்வதும் ‘அற்ப விளையாட்டில் கழிந்த காலம்’ ஆகலாம். இளக்கம் என்பதையே நான் ஏற்கிறேன். மற்றதை முற்றாக மறுக்க வழியில்லை. 1608இல் பதிப்பாளர் சங்கப் பதிவேட்டில் ஏறிய இந்நாடகத்துக்கு 1623ஆம் ஆண்டுத் தொகுப்பே மூலபாடம்; ஒப்பிட வேறு பாடம் கிடையாது.

இன்றைய ‘இனிய’ என்ற பொருளுக்கு ஜான்சன் இடம் தரவில்லை. எலிசபெத் கார்ட்டரின் 1769ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் மாலை நடைக்கு இந்த அடைமொழி வருகிறது. பேச்சில் அது முன்பே புழங்கியிருக்கக்கூடும். அகராதியில் இல்லாததை மட்டும் வைத்து 1755க்குப் பிந்தியது என்று தீர்ப்பது பொருந்தாது.