கூப்பிட்டால் வராத நாய்: ஒரு நீண்ட வரலாறு

மைதானத்தின் ஓரத்தில் ஒருவர் நிற்கிறார். கையில் வெறும் செயின் மட்டும். நாற்பது அடி தள்ளி அவருடைய நாய், வயது நான்கு இருக்கும், ஒரு துண்டுப் புல்தரையை முகர்ந்து முகர்ந்து ஆராய்ந்துகொண்டிருக்கிறது. "டைகர்... டைகர்... டேய் டைகர்!" காது மட்டும் லேசாகத் திரும்புகிறது. தலை திரும்பவில்லை. ஆறாவது முறை கூப்பிடும்போது குரலில் கோபம். பத்தாவது முறை கையில் குச்சி. வீட்டில் இதே நாய் பிஸ்கட் டப்பா திறக்கும் சத்தம் கேட்டால் மொட்டைமாடியிலிருந்து ஓடி வரும். ஆக, காதில் கோளாறு இல்லை. பிறகு எங்கே கோளாறு?

இந்தக் கேள்விக்கு வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல். சாக்ரடீசின் சீடரும் படைத்தலைவருமான செனஃபோன், கிரேக்க நாட்டில் முயல் வேட்டை பற்றி ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். காலம் கி.மு. 4ஆம் நூற்றாண்டு. அதில் நாய்களுக்கு வைக்கத்தக்க பெயர்கள் என்று 47 பெயர்களைப் பட்டியல் போடுகிறார். உயிர், ஈட்டி, காவலன் என்றெல்லாம் பொருள்படும் பெயர்கள். எல்லாம் சின்னச் சின்னப் பெயர்கள். காரணம், கூப்பிட எளிதாக இருக்க வேண்டும். அவருக்கு நான்கு நூற்றாண்டு கழித்து ரோமானியரான கொலுமெல்லா, விவசாயம் பற்றிய தன் நூலில் இன்னும் துல்லியமாகச் சொல்கிறார்: பெயர் நீளமாக இருக்கக்கூடாது, ஆனால் இரண்டு அசைக்குக் குறையவும் கூடாது. அவர் சிபாரிசு செய்யும் பெண் நாய்ப் பெயர்களில் ஒன்று 'டிக்ரிஸ்'. புலி என்று அர்த்தம். நம் தெருவுக்கு ஒரு டைகர் என்பது ரோமாபுரிக் காலத்துப் பழக்கம் போலிருக்கிறது!

பெயரைவிட முக்கியமான விஷயம் ஒன்றையும் செனஃபோன் எழுதி வைத்திருக்கிறார். வேட்டை முடிந்து வலைகளைச் சுருட்டும் இடத்திலேயே இளம் நாய்களுக்குச் சோறு போடுங்கள் என்கிறார். அனுபவம் இல்லாமல் வழிதவறிப் போனாலும் அந்தச் சோற்றை நினைத்துத் திரும்பி வரும், தொலைந்து போகாது. சோற்றை எஜமானே தன் கையால் போட வேண்டும் என்றும் சொல்கிறார். பசித்திருக்கும்போது யார் காரணம் என்று நாய்க்குத் தெரியாது, பசி தீரும்போது தீர்த்தவர் யார் என்று தெரியும். எத்தனை கூர்மையான கவனிப்பு பாருங்கள். கூடவே இன்னொரு வரி. நாய்க்கு முயல்மேல் வெறி பிடித்துவிட்ட பிறகு இந்தச் சோற்று ஏற்பாட்டை விட்டுவிடலாம், ஏனென்றால் அப்போது அதற்குச் சோற்றைவிட முயல்தான் பெரிது.

மைதானத்தில் நடப்பதும் இதேதான். ஒரு பக்கம் கூப்பிடுகிறவர், இன்னொரு பக்கம் முயல் (அல்லது அணில், அல்லது வேறொரு நாய் போட்டுவிட்டுப் போன மூத்திர வாடை). நாயின் மனசுக்குள் ஒரு தராசு. எந்தத் தட்டு கனமோ அந்தப் பக்கம்தான் நாய் போகும். ஆனால் இதைக் கீழ்ப்படியாமை என்றும் திமிர் என்றும் பெயரிட்டு, அதற்குத் தண்டனை கொடுப்பதிலேயே பல நூற்றாண்டுகள் போய்விட்டன.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேட்டை நாய்களைப் பழக்கும் தொழிலுக்கு இருந்த பெயரை அப்படியே தமிழில் சொன்னால் 'நாய் உடைத்தல்'. பெயரே சொல்லிவிடுகிறது, சாட்டைதான் பாடப்புத்தகம். அதே தலைப்பில் 1848இல் புத்தகம் எழுதிய ஹட்சின்சன் என்ற ராணுவ அதிகாரி மட்டும், அடியைக் குறைத்துப் பரிசைக் கூட்டுங்கள் என்று வாதாடினார். பலர் கேட்டதாகத் தெரியவில்லை.

இடையில் ஒரு வேடிக்கை. மனிதக் காதுக்கு எட்டாத அளவு கீச்சென்று ஒலிக்கும் விசில் ஒன்றை 1876இல் பிரான்சிஸ் கால்டன் உருவாக்கினார். அதைக் கைத்தடியில் பொருத்திக்கொண்டு மிருகக்காட்சிசாலையிலும் தெருக்களிலும் அலைந்து, எந்தப் பிராணி திரும்பிப் பார்க்கிறது என்று சோதித்தார். பூனைகள் அருமையாகத் திரும்பின. சிறிய நாய்களும் திரும்பின. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துப் பெரிய நாய்களிடம் மணிக்கணக்கில் ஊதியும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவற்றுக்கு அந்த ஒலி கேட்கவில்லை என்று கால்டன் முடிவு கட்டினார். கேட்டும் சட்டை செய்யாமல் படுத்திருந்திருக்கலாம் என்று நாய் வளர்ப்பவர்களுக்குத் தோன்றும். பின்னாளில் 'நாய் விசில்' என்று கடைகளில் விற்கப்பட்டதற்கு இதுதான் மூதாதை. விசில் கேட்டால் வர வேண்டும் என்பதை நாய்க்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் வாங்கியவர்கள் பலருக்கும் தெரியாத விஷயம்.

சொல்லிக்கொடுப்பது என்றால் நாய்க்குள் என்ன நடக்கிறது? ரஷ்யாவின் பாவ்லோவ், ஜீரணம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு வாங்கியவர். மணி, சோறு, எச்சில் என்று பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். பாடத்தில் வராத பகுதிதான் இங்கே வேண்டும். அவருடைய உதவியாளர்கள் ஒரு நாயை நன்றாகப் பழக்கிவிட்டு, "ஐயா, வந்து பாருங்கள்" என்று பெருமையோடு கூப்பிடுவார்கள். பாவ்லோவ் அறைக்குள் நுழைந்ததும் சோதனை புஸ்ஸென்று போய்விடும். எச்சில் ஊறாது. நாய் புதிதாக வந்தவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் எரிச்சல்படவில்லை, இதற்கே ஒரு பெயர் வைத்தார்: 'அது என்ன?' அனிச்சை. புதிதாக எது வந்தாலும் கண்ணும் காதும் மூக்கும் அந்தப் பக்கம் போவது உயிர் பிழைப்பதற்கான இயல்பு, அது வரும்போது கற்ற பாடம் கொஞ்ச நேரம் அமுங்கிவிடும். 1910களில் பாவ்லோவுக்காக செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தடித்த சுவர்களோடு, சுற்றிலும் அகழி வெட்டி ஒரு ஆய்வகம் கட்டினார்கள். 'மௌன கோபுரம்' என்று அதற்குப் பெயர். ஒரு நாயின் கவனத்தைக் காப்பாற்ற ஒரு கோட்டை!

பாவ்லோவ் கண்ட இன்னொன்று: மணி அடித்துக்கொண்டே இருந்து சோறு வராமலே போனால் மணி தன் சக்தியை இழந்துவிடும். வளர்ந்த நாயின் பிரச்சினைக்கு இது நேரான விளக்கம். நான்கு வருடமாக ஒரு நாளைக்கு ஐம்பது முறை "டைகர்" என்ற சொல் அதன் காதில் விழுந்திருக்கிறது, பெரும்பாலும் அதற்குப் பின்னால் எதுவும் வருவதில்லை. வந்தாலும் குளியல் வரும், ஊசி வரும், அல்லது விளையாட்டு முடிந்து கழுத்தில் செயின் விழும். அந்தச் சொல் செத்துப்போய் ரொம்ப நாளாகிறது. அதனால்தான் பயிற்சியாளர்கள் பலர் வளர்ந்த நாய்க்குப் பழைய சொல்லை விட்டுவிட்டு, புதிதாக ஒரு சொல்லையோ விசிலையோ வைத்துத் தொடங்கச் சொல்கிறார்கள்.

கோபுரமும் அகழியும் ஆராய்ச்சிக்குச் சரி. வெளியுலகத்தில்? இதற்கு விடை கிடைத்த இடம் விசித்திரமானது: முதல் உலகப்போரின் பதுங்குகுழிகள். குண்டுவீச்சில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்துகொண்டே இருந்தன. செய்தியோடு ஓடும் வீரர்கள் வழியிலேயே செத்தார்கள். எட்வின் ரிச்சர்ட்சன் என்ற அதிகாரி வெகுகாலமாக ராணுவத்துக்கு நாய்கள் தேவை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். 1917இல் பிரிட்டிஷ் போர்த்துறை அவரைக் கூப்பிட்டு, எஸ்ஸெக்ஸ் கடற்கரையில் ஷூபரினெஸ் என்ற ஊரில் போர் நாய்ப் பள்ளி தொடங்கச் சொன்னது. அவருக்குக் கிடைத்த மாணவர்கள் யார் தெரியுமா? லண்டன் பாட்டர்சி நாய்கள் இல்லத்திலிருந்து வந்த அநாதை நாய்கள். எல்லாம் வளர்ந்தவை. முன்கதை யாருக்கும் தெரியாது. பள்ளிக்கு எடுக்கப்படாமலும் யாரும் வந்து கேட்காமலும் போனால் அவற்றுக்கு அங்கே காத்திருந்தது மரணம்தான்.

செய்தி நாயின் வேலை சொல்வதற்கு எளிது. காப்பாளர் பின்னால் தலைமையிடத்தில் இருப்பார். நாயை வேறொரு வீரர் முன்னணிக்கு அழைத்துப் போவார். அவிழ்த்துவிட்டால் நாய் தன் காப்பாளரிடம் ஓடி வர வேண்டும், அவ்வளவுதான். அதாவது கூப்பிடும் குரல்கூடக் கேட்காத தூரத்திலிருந்து, குண்டுச் சத்தத்துக்கு நடுவில், முள்கம்பியும் சேறும் தாண்டித் திரும்பி வருதல். ரிச்சர்ட்சனிடம் அகழியும் இல்லை, சுவரும் இல்லை. பாவ்லோவ் எதையெல்லாம் வெளியே தள்ளினாரோ அதையெல்லாம் இவர் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்தார். முதலில் குறைந்த தூரம், அமைதியான பாதை. ஓடி வந்தால் காப்பாளர் கையில் தின்பண்டம், கூடவே கொஞ்சல். பிறகு தூரம் கூடும், வழியில் வேலி வரும், தண்ணீர் வரும், பிறகு புகை, பிறகு துப்பாக்கிச் சத்தம். தவறு செய்த நாயை அடிக்கக்கூடாது, திருப்பி அழைத்துப் போய் மறுபடி முயல வேண்டும். ஒரு காப்பாளருக்கு மூன்று நாய்கள், அவற்றுக்குச் சோறு அவர் கையால் மட்டும். போர்முனையில் மற்ற வீரர்கள் செய்தி நாய்களைக் கொஞ்சவோ தீனி கொடுக்கவோ கூடாது என்பது விதி. செனஃபோன் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

ரிச்சர்ட்சனுக்கும் ஒரு மூடநம்பிக்கை உண்டு. வாலை முதுகின் மேல் சுருட்டி வைத்திருக்கும் நாய் வேலைக்கு உதவாது என்று எழுதியிருக்கிறார்! நம் ஊர்த் தெருநாய்களில் பாதி தேறாது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்ற பழமொழியை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

அதே காலத்தில் ஜெர்மனியில் வேறு பள்ளி. போலீஸ் அதிகாரியான கொன்ராட் மோஸ்ட் 1910இல் வெளியிட்ட புத்தகம் வெகுகாலம் செல்வாக்கோடு இருந்தது. நாய்க்கு மனித நீதி நியாயம் புரியாது, தன் செயலுக்கு அடுத்த கணத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் அதற்குப் பாடம் என்று அவர் தெளிவாகக் கண்டார். ஆனால் அந்தத் தெளிவை முள் வைத்த கழுத்துப்பட்டையோடு சேர்த்துப் பயன்படுத்தினார். இந்த வழி அமெரிக்காவில் கோலர் என்ற பயிற்சியாளரின் 1962ஆம் ஆண்டுப் புத்தகம் வரை வந்தது. டிஸ்னி படங்களுக்கு நாய் பழக்கியவர் அவர். 1960களின் கடைசியில் மின் அதிர்ச்சி தரும் பட்டையும் வந்துவிட்டது. (வேல்ஸ் நாட்டில் 2010இல் அதைத் தடை செய்தார்கள்.) இந்த முறைகள் வேலை செய்யவே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. செய்தன. ஆனால் கூப்பிட்டவரிடம் வருவது நாய்க்கு ஆனந்தமா, அல்லது வராமல் இருப்பது பயமா என்ற வித்தியாசம் இருக்கிறது. மேலும் கணம் தவறினால் கதை தலைகீழ். அரை மணி நேரம் அலைக்கழித்துவிட்டுக் கடைசியில் வரும் நாயை அடித்தால், அது கற்றுக்கொள்வது "அலையக்கூடாது" என்பதை இல்லை, "கிட்டே போனால் அடி" என்பதைத்தான். மோஸ்ட் சொன்ன அடுத்த கணம் இதுதானே.

மாற்றம் வந்தது நாய்களிடமிருந்து அல்ல, புறாக்களிடமிருந்து! இரண்டாம் உலகப்போரில் புறாக்களை வைத்து ஏவுகணையை வழிநடத்தும் திட்டம் ஒன்றில் ஸ்கின்னர் இறங்கினார். திட்டம் நிறைவேறவில்லை. அதில் வேலை செய்த அவருடைய மாணவர்கள் கெல்லர் பிரேலண்டும் மரியன் பிரேலண்டும் கற்ற வித்தையை வைத்து விலங்குப் பயிற்சி நிறுவனமே நடத்தினார்கள். "இந்தக் கணம் நீ செய்ததுதான் சரி, தீனி பின்னால் வருகிறது" என்று சொல்ல அவர்கள் ஒரு ஒலியைப் பயன்படுத்தினார்கள். குழந்தைகளின் கிளிக் பொம்மை அந்த வேலைக்குப் போதும் என்று 1951இல் ஸ்கின்னர் எழுதினார். பிறகு ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் ப்ரையர் 1984இல் எழுதிய புத்தகத்தால் இந்த வழி நாய் வளர்ப்பவர்களின் வீட்டுக்குள் வந்தது.

ஆனால் தீனியே எல்லாம் என்று நினைத்தவர்களுக்கு அதே பிரேலண்ட் தம்பதி 1961இல் ஒரு குட்டு வைத்தார்கள். உண்டியலில் காசு போடப் பழக்கிய ரக்கூன், காசைப் போடாமல் இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டே நின்றது. இரையைத் தேய்க்கும் அதன் பிறவிக்குணம் பாடத்தை விழுங்கிவிட்டது. செனஃபோனின் முயல் மறுபடி வந்து நிற்கிறது!

அப்படியானால் முயலை என்ன செய்வது? டேவிட் ப்ரீமாக் என்ற உளவியலாளர் 1959இல் ஒரு வழி காட்டினார். ஒரு பிராணி தானாகவே விரும்பிச் செய்யும் செயலை, அது விரும்பாத செயலுக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்றார். அவர் சோதித்தது குழந்தைகளிடம், மிட்டாயையும் விளையாட்டு இயந்திரத்தையும் வைத்து. நாய்ப் பயிற்சியாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாய் புல்தரையை முகர விரும்புகிறதா? கூப்பிடு. வந்ததும் ஒரு துண்டு இறைச்சி கொடுத்துவிட்டு, "போ, போய் முகர்ந்து பார்" என்று அதே இடத்துக்கு அனுப்பு. எதிரித் தட்டில் இருந்த எடையை எடுத்து நம் தட்டில் வைக்கும் தந்திரம் இது. பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை திருப்பி அனுப்பப்படும் நாய்க்கு, வருவதால் நஷ்டம் எதுவும் இல்லை.

இப்படிப் பழக்கும்போதும் முதலில் வீட்டுக்குள், பிறகு முற்றம், பிறகு ஆளில்லாத மைதானம், கடைசியில்தான் மற்ற நாய்கள் இருக்கும் இடம் என்று ரிச்சர்ட்சனின் வரிசையிலேயே போகிறார்கள். அதுவரை கழுத்தில் ஒரு நீளமான கயிறு. இழுப்பதற்கு இல்லை, வராமல் இருப்பதே நாய்க்குப் பழக்கமாகிவிடாமல் இருப்பதற்கு. கயிறு தரையில் இழுபட்டுக்கொண்டே நாயோடு போகும். எப்போதாவது அதன் நுனியைக் காலால் மிதிக்க வேண்டியிருக்கும். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைப்பார்கள், ஒரு முழம், அரை முழம், கடைசியில் ஒரு சாண் துண்டு மட்டும் கழுத்தில் ஆடிக்கொண்டிருக்கும் வரை.